பயன்படுத்திய ஐபேடுக்கு நீட்டிப்பு வாரண்டி வாங்க முடியுமா? ரசீது வேறொருவர் பெயரில் இருக்கிறது

பாளை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் மகள் கட்டடக்கலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வரைபடங்களைத் திருத்துவதற்கும் குறிப்பெடுப்பதற்கும் ஒரு டேப்லெட் வேண்டுமென்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். புதிதாக வாங்கித் தரும் வசதி இப்போது எங்களுக்கு இல்லை. எங்கள் தெருவில் குடியிருக்கும் குடும்பத்தின் மகன் மேற்படிப்புக்காக வெளிநாடு செல்வதால், அவர் எட்டு மாதங்களாகப் பயன்படுத்திய ஏ16 சிப் உள்ள ஐபேடை (128 ஜிபி, வை-ஃபை மட்டும் உள்ள மாடல்) திரையில் எழுதும் ஆப்பிள் பென்சிலோடு சேர்த்து 26,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறோம். பணத்தை இன்னும் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் கொடுப்பதாக ஏற்பாடு.

நிறுவனத்தின் ஓராண்டு வாரண்டியில் இன்னும் நான்கு மாதங்கள் மீதமிருக்கின்றன என்கிறார்கள். ஆனால் ரசீது அந்தப் பையனுடைய தந்தையின் பெயரில் இருக்கிறது. நாங்கள் வழக்கமாகப் போகும் கைப்பேசிக் கடையில் விசாரித்தபோது, 2,999 ரூபாய் கட்டினால் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிப்பு வாரண்டி போட்டுத் தருவதாகவும், பழைய கருவி என்பது தடையில்லை என்றும் கடைக்காரர் சொன்னார். கேட்பதற்கு ஆறுதலாக இருந்தாலும், எந்தத் தாளையும் அவர் காட்டவில்லை என்பதால் உடனே பணம் கட்ட மனம் வரவில்லை.

என் கேள்விகள் இவைதாம். மீதமுள்ள நான்கு மாத வாரண்டி எங்களுக்குச் செல்லுமா? ஆப்பிள் நிறுவனத்தின் நீட்டிப்புத் திட்டத்தை இப்போது நாங்கள் வாங்க முடியுமா? முடியாவிட்டால், கடைக்காரர் சொல்லும் திட்டத்தை நம்பலாமா? எங்களைப் போன்ற குடும்பத்துக்கு 26,000 ரூபாய் சிறிய தொகை அன்று. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

சர்வீஸ் மேசை:

வணக்கம் அம்மா. கோவையில் பல நிறுவனங்களின் கைப்பேசிகளையும் டேப்லெட்டுகளையும் பழுதுபார்க்கும் சேவை மையத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளர் மேசையில் இருந்தவன் நான். பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டீர்கள், மிக நல்லது. பெரும்பாலானவர்கள் கருவி பழுதான பிறகுதான் எங்கள் மேசைக்கு வந்து இதே கேள்வியைக் கேட்பார்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: செல்லும். ஓராண்டு வாரண்டி, கருவி முதன்முதலாகக் கடையில் விற்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. கை மாறியதால் அது புதிதாகத் தொடங்குவதும் இல்லை, முடிந்துபோவதும் இல்லை. நடைமுறையில் சேவை மையத்தின் கணினியில் முதலில் தட்டப்படுவது உங்கள் பெயர் அன்று, கருவியின் சீரியல் நம்பர்தான். அமைப்புகளில் 'பொது' என்பதற்குள் 'அறிமுகம்' பகுதியில் அந்த எண் இருக்கும். அதை ஆப்பிளின் வாரண்டி சரிபார்ப்புப் பக்கத்தில் நீங்களே இட்டுப் பாருங்கள். வாரண்டி எந்தத் தேதி வரை என்பதோடு, கூடுதல் திட்டம் ஏதேனும் ஏற்கெனவே வாங்கப்பட்டிருந்தால் அதுவும் அங்கே தெரியும். வாங்கிய தேதி உறுதிசெய்யப்படவில்லை என்று வந்தாலும் கலங்க வேண்டாம். நிறுவனத்தின் பதிவில் அந்தத் தேதி சரியாக ஏறவில்லை என்பதே அதன் பொருள். மூல ரசீதின் படத்தை அனுப்பினால் திருத்திவிடுவார்கள்.

இங்கேதான் ரசீதின் அருமை தெரியும். வேறொருவர் பெயரில் இருப்பது ஒரு குறையே அன்று. அந்த ரசீது உங்கள் கையில் இல்லாமல் போவதுதான் குறை. ரசீதில் சீரியல் நம்பர் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில கடைகள் மாடல் பெயரை மட்டும் போட்டுவிடுகின்றன. அப்படியானால் அட்டைப்பெட்டியின் ஒட்டுத்தாளில் இருக்கும் எண்ணும் கருவியின் எண்ணும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பென்சிலுக்கும் தனியாக ஓராண்டு வாரண்டி உண்டு; அது வேறொரு நாளில் வாங்கப்பட்டிருந்தால் அதன் ரசீதும் வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருத்தமான பதில்தான். ஆப்பிள்கேர் பிளஸ் என்ற நீட்டிப்புத் திட்டத்தை இந்தியாவில் கருவி வாங்கிய 60 நாள்களுக்குள் எடுத்துவிட வேண்டும். அந்த 60 நாள்கள் நீங்கள் வாங்கும் நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, முதல் ரசீதின் தேதியிலிருந்து எண்ணப்படுகின்றன. எட்டு மாதங்கள் ஆகிவிட்டதால் அந்த வாயில் மூடிவிட்டது. அந்தக் குடும்பம் அப்போதே திட்டத்தை எடுத்திருந்தால் மட்டுமே உங்களுக்குப் பயன் உண்டு. மறந்துகூடப் போயிருப்பார்கள், ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாரண்டி இருந்தும் திரும்பிப்போன கருவிகளில் பல இதனால்தான் திரும்பின. தொலைந்த கருவியைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை' வசதி பழைய உரிமையாளரின் கணக்கில் இயங்கிக்கொண்டிருந்தால் கருவி அவருடைய கணக்கோடு பூட்டப்பட்டே இருக்கும். வாரண்டியில் நாளிருந்தாலும் சேவை மையம் அதை எடுத்துக்கொள்ளாது. அந்தப் பையன் விமானம் ஏறிய பிறகு கடவுச்சொல்லுக்காக அலைபேசியில் துரத்துவது பெரும்பாடு. அவர் உங்கள் முன்னிலையில் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, புதிய கருவிபோல முதல் வரவேற்புத் திரை தெரியும் நிலையில் ஒப்படைக்கட்டும். உங்கள் மகளின் கணக்கை அங்கேயே இட்டுப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

மீதமிருக்கும் நான்கு மாதங்களைச் சும்மா கடத்திவிடாதீர்கள். திரை முழுவதும் பென்சிலால் நெருக்கமாகக் கோடுகள் இழுத்துப் பார்த்தால், தொடுதலை உணராத இடம் இருந்தால் கோடு அங்கே அறுந்து காட்டும். இருட்டறையில் முழுக் கறுப்புப் படத்தைத் திறந்தால் வெளிச்சக் கசிவு தெரியும். சார்ஜ் செருகியை மெல்ல அசைத்துப் பாருங்கள், இரண்டு கேமராக்களையும் ஒலிபெருக்கிகளையும் சோதியுங்கள். தயாரிப்புக் குறை எதுவாக இருந்தாலும் இப்போது கட்டணமின்றிச் சரியாகும்; மாற்றுக் கருவியே கொடுத்தாலும், எஞ்சிய வாரண்டிக் காலம் அல்லது 90 நாள்கள், இவற்றில் எது அதிகமோ அது புதிய கருவிக்குக் கிடைக்கும்.

காவிரிக்கரை வாசகன்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மூன்றாவது கேள்வியில் நான் நேரடியாகச் சூடுபட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தம்பிக்காகப் பயன்படுத்திய டேப்லெட் ஒன்றை வாங்கியபோது, கடையில் சொன்னதை நம்பி ஒரு பாதுகாப்புத் திட்டத்துக்குப் பணம் கட்டினேன். என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தியும், பச்சை நிற அட்டை ஒன்றும் வந்தன, அவ்வளவுதான். பதினோராவது மாதத்தில் திரை இருண்டுபோனது. அட்டையில் இருந்த எண்ணை அழைத்தபோதுதான் திட்டத்தை நடத்துவது அந்தக் கடை அன்று, வேறொரு மாநிலத்தில் இருக்கும் நிறுவனம் என்பது எனக்குத் தெரியவந்தது. முதலில் மூல ரசீதைக் கேட்டார்கள், கொடுத்தேன். ரசீதில் இருப்பவர் பெயரும் திட்டத்தில் இருப்பவர் பெயரும் ஒன்றாக இல்லை என்றார்கள். அதற்கு விளக்கம் எழுதி அனுப்பிய பிறகு, திட்டத்தில் சேரும்போது கருவி புதியதாக இருந்திருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அந்த விதி குறுஞ்செய்தியில் வந்த இணைப்பின் உள்ளே பதினான்கு பக்க ஆவணமாகக் கிடந்தது. பணம் கட்டும் நாளில் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் பதிந்தேன். ஐந்து வாரங்களுக்குப் பிறகு, தகுதியில்லாத கருவிக்குத் திட்டத்தை விற்றது தவறு என்று ஒப்புக்கொண்டு கட்டிய தொகையைத் திருப்பிக் கொடுத்தார்கள். திரையைச் சொந்தச் செலவில்தான் மாற்றினேன். உங்கள் கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவரிடமும் அந்த ஆவணம் இருந்திருக்காது. விற்பவருக்கே விதி தெரியாது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் வலித்தது.

மெரினா நடை:

ஆப்பிள்கேர் பிளஸ் ஏற்கெனவே எடுக்கப்பட்ட ஐபேடை நான் நண்பர் ஒருவரிடம் வாங்கினேன். ஒரே தவணையில் முழுப் பணம் கட்டிய திட்டம் என்பதால் அதை என் பெயருக்கு மாற்ற முடிந்தது. திட்டத்தின் ஒப்பந்த எண், மூல ரசீது, என் முகவரி ஆகியவற்றோடு நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசினோம். ஒரு எச்சரிக்கை மட்டும்: திட்டத்தை வாங்கியவர் இடையில் ரத்து செய்து, மீதிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பப் பெறவும் முடியும். ஆகவே திட்டத்தோடு கருவியை வாங்குவோர், பெயர் மாற்றம் முடிந்த பிறகு பணத்தைக் கொடுப்பது நல்லது.

பாளை ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சீரியல் நம்பரை இட்டுப் பார்த்தோம். வாங்கிய தேதி உறுதிசெய்யப்பட்டதாகவும், வாரண்டி ஆகஸ்ட் 10 வரை உள்ளதாகவும் வந்தது. கூடுதல் திட்டம் எதுவும் எடுக்கப்படவில்லை. அந்தப் பையனின் அம்மாவிடம் பேசியபோது, ரசீது மின்னஞ்சலில் இருப்பதாகவும் எடுத்து அனுப்புவதாகவும் சொன்னார்.

கடைக்காரரிடம் மறுபடி போகவிருக்கிறேன். அவரிடம் என்ன கேட்டால் உண்மை தெரியும்? அக்கம்பக்கத்தாரிடம் வாங்கும் பொருளுக்கு எழுத்தில் ஏதேனும் வாங்குவது நாகரிகமாக இருக்குமா என்ற தயக்கமும் இருக்கிறது.

சட்டப்படி:

வணக்கம். நான் நுகர்வோர் வழக்குகளில் வாதாடும் வழக்குரைஞன். உங்கள் தயக்கம் புரிகிறது, ஆனாலும் எழுதி வாங்குங்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிகமாக விற்பவரிடமிருந்து உங்களைக் காக்கிறது; தம்முடைய ஒரு பொருளை ஒரு முறை விற்கும் பக்கத்து வீட்டுக்காரர் வணிகர் அல்லர் என்பதால், அவர்மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி உங்களுக்கு இராது. எனவே ஒரு வெள்ளைத்தாள் போதும்: கருவியின் பெயரும் சீரியல் நம்பரும், விலை, தேதி, மூல ரசீது ஒப்படைக்கப்பட்டது என்ற வரி, தவணைக் கடன் எதுவும் பாக்கி இல்லை என்ற வரி, இருவர் கையெழுத்து. தவணை பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். இப்போது டேப்லெட்டுகள் பெரும்பாலும் தவணையில்தான் வாங்கப்படுகின்றன, கடன் முடியாமல் கை மாறினால் பிறகு சங்கடம். இது அவர்மீது சந்தேகப்படுவது ஆகாது. பையன் வெளிநாட்டில் இருக்கும்போது சேவை மையம் உரிமைச் சான்று கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் ஒரு தாள் வேண்டாமா? இதை அவர்களிடமே சொன்னால் மகிழ்ச்சியோடு கையெழுத்திடுவார்கள்.

கடையின் நிலை வேறு. கடை விற்கும் பொருள் பழையதாக இருந்தாலும், திட்டம் என்ற பெயரில் விற்கும் சேவையாக இருந்தாலும், நீங்கள் பணம் கொடுத்த நுகர்வோர். ரசீது கொடுக்காமல் இருப்பதே அந்தச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள்ளோ, அப்படி எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாள்களுக்குள்ளோ திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்துவிட்டால் சட்டம் விலகிப்போகும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியன்று.

தகராறு வந்தால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். திட்டத்தை நடத்தும் நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். ஆனால் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு ஆணையத்தின் முன் நிற்பது கடினம். கடைக்காரர் "பழைய கருவிக்கும் செல்லும்" என்று சொன்னதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கினால் அது ஆவணம். எழுதிக் கொடுக்கத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையே உங்களுக்கான பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

சர்வீஸ் மேசை:

வழக்குரைஞர் சொன்னதோடு நான் சேர்ப்பது கொஞ்சம்தான். கடைக்காரரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: இது நீட்டிப்பு வாரண்டியா, சேதப் பாதுகாப்பா? இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன, ஆனால் வேறு வேறு பொருள்கள். நீட்டிப்பு வாரண்டி என்பது நிறுவன வாரண்டி முடிந்த மறுநாளில் தொடங்கி, தானாக ஏற்படும் பழுதை மட்டும் பார்க்கும். கீழே விழுந்து உடைந்தாலோ தண்ணீர் பட்டாலோ அதில் எதுவும் கிடைக்காது. சேதப் பாதுகாப்பு விழுவதையும் நனைவதையும் பார்க்கும், தானாகக் கெடுவதைப் பெரும்பாலும் பார்க்காது. மாணவி கையில், பையில் போட்டுப் பேருந்தில் தினமும் எடுத்துப்போகும் ஐபேடுக்கு எது நேர வாய்ப்பு அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். என் மேசைக்கு வந்த டேப்லெட்டுகளில் பாதிக்கும் மேல் கண்ணாடி உடைந்தவை. கடைக்காரர் உங்களிடம் சொன்ன பெயர் நீட்டிப்பு வாரண்டி என்றால், நீங்கள் அஞ்சும் விபத்துக்கு அது உதவவே உதவாது.

அடுத்து, எவ்வளவு தருவார்கள் என்று கேளுங்கள். பல திட்டங்களில் உச்சவரம்பு மூல ரசீதின் விலையிலிருந்து ஆண்டுக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழித்த தொகைதான். பழுதுபார்க்கும் செலவு அந்த வரம்பைத் தாண்டினால், செலவுக்குத் தகுதியற்ற கருவி என்று முடித்து, கழித்த தொகையைக் கையில் கொடுத்துக் கணக்கை மூடிவிடுவார்கள். பேட்டரி தேய்மானப் பொருள் என்று விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஐபேட் பேட்டரி, உகந்த சூழலில் 1,000 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் 80 விழுக்காடு வரை திறனைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்பதால், எட்டு மாதக் கருவிக்கு அதை நினைத்து இப்போது பணம் கட்டத் தேவையில்லை என்பது என் கருத்து.

திட்டம் தொடங்கும்போது கருவியைச் சோதித்துப் படம் எடுப்பார்களா என்பதும் முக்கியம். சோதிக்காமல் சேர்ப்பவர்கள், பிறகு எந்தப் பழுதையும் "முன்பே இருந்தது" என்று சொல்லித் தட்டிக்கழிக்க இடமிருக்கிறது.

பாளை ஆசிரியை:

எல்லோருக்கும் மீண்டும் வணக்கம். நடந்ததைச் சொல்லிவிடுவது கடமை என்று எழுதுகிறேன்.

சனிக்கிழமை கடைக்குச் சென்று, நீங்கள் சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, திட்டம் நடத்தும் நிறுவனத்தின் முகவரை என் எதிரிலேயே அழைத்துக் கேட்டார். அது தானாக ஏற்படும் பழுதுக்கு மட்டுமான நீட்டிப்பு வாரண்டிதான் என்பதும், ரசீது தேதியிலிருந்து ஆறு மாதங்களைத் தாண்டிய கருவியைச் சேர்க்க முடியாது என்பதும் அப்போது தெரிந்தன. கடைக்காரருக்கே அது புதிய செய்தி. "டீச்சர், நீங்க கேட்கலைன்னா நான் போட்டுக் கொடுத்திருப்பேன்" என்று வருந்திச் சொன்னார். இனி பழைய கருவிகளுக்கு அதை விற்பதில்லை என்றும் சொன்னார்.

ஞாயிறு மாலை அந்தக் குடும்பத்தார் வீட்டில் வைத்தே எல்லாம் முடிந்தது. ரசீதில் சீரியல் நம்பர் இருந்தது, பெட்டியோடும் ஒத்துப்போனது. பையன் தன் கணக்கிலிருந்து வெளியேறிக் கருவியை அழித்துக் கொடுத்தார். கையெழுத்துக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே தாளை நீட்டினேன். அவருடைய அப்பா, தவணை முடிந்ததற்கான சான்றையும் தாமாகவே அச்செடுத்து அதோடு இணைத்துக் கொடுத்தார். பென்சில் மூன்று மாதங்கள் பிந்தி வாங்கப்பட்டதால் அதற்கு நவம்பர் வரை வாரண்டி இருக்கிறது என்பதும் அவர் ரசீதைத் தேடியபோதுதான் தெரிந்தது.

மகள் இரவு பதினொரு மணி வரை திரை முழுவதும் கோடு இழுத்துப் பார்த்தாள். எங்கும் அறுபடவில்லை. கட்டாமல் மிஞ்சிய 2,999 ரூபாயில் மூலைகள் தடித்த உறை ஒன்றும் திரைக்கு மேல் ஒட்டும் கண்ணாடியும் வாங்கினோம். மீதியைத் தனியே எடுத்துவைத்திருக்கிறேன். ஜூலைக் கடைசியில் அதே சோதனைகளை மறுபடி ஒரு முறை செய்யும்படி நாள்காட்டியில் குறித்திருக்கிறேன்.

சர்வீஸ் மேசை:

மிக்க மகிழ்ச்சி அம்மா. ஜூலைக் கடைசி என்பதை ஜூலை முதல் வாரம் என்று மாற்றிக் குறித்துவிடுங்கள். குறை ஏதேனும் தென்பட்டால் முன்பதிவு செய்து சேவை மையத்துக்குப் போகச் சில நாள்கள் ஆகும். வாரண்டி முடிவதற்குள் கருவி அவர்கள் பதிவில் ஏறியிருக்க வேண்டும். போகும்போது கருவியில் உள்ளவற்றைப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாற்றுக் கருவி கொடுத்தால் மகளின் வரைபடங்கள் பழைய கருவியோடு போய்விடும்.